மழை நாளையும் கணக்கில் சேருங்கள்: இலக்கை வகுத்து முடிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தவன் நான். ரப்பர் இருந்த காலத்தில் ஆண்டு விளைச்சலுக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்போது, 365 நாளும் பால் வெட்டு நடக்கும் என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவோம். விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைய வெட்டு போய்விடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் இலையுதிர்க்கும்போது பால் குறையும். பெருநாட்களும் மாரியம்மன் கோயில் திருவிழாவும் வரும். இவை அனைத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் துரையிடம் கொண்டுபோவோம். இப்படிக் கணக்குப் போட்ட அதே கையால் வீட்டில் என் சொந்த இலக்குகளை எழுதியபோது, வருடம் முழுவதும் வெயில் அடிக்கும் என்றே எழுதினேன்.

ஓர் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, சுவரில் தொங்கிய குதிரை நாள்காட்டியின் ஓரத்தில் ஐந்து இலக்குகளைக் குறித்து வைத்தேன். தினமும் ஒரு மணி நேரம் நடப்பது, தேநீரில் சீனியை நிறுத்துவது, மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) சேமிப்பது, கணினி வகுப்புக்குப் போவது, வீட்டின் பின்கட்டைப் பூசி முடிப்பது என்பவை அவை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது ஐந்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. என் மன உறுதியைத்தான் அப்போது நொந்துகொண்டேன். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான், ஐந்தையும் செய்வதற்கு வாரத்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும் என்பதும், என்னிடம் ஆறு மணி நேரம்கூட இருந்திருக்காது என்பதும் தெரிந்தன. மனத்தில் இருந்ததாக நான் நினைத்த பழுது கணக்கில்தான் இருந்தது. ஆகவே கீழே வரும் வழிமுறையில் ஊக்கமூட்டும் பேச்சு குறைவாகவும் கழித்தல் கணக்கு அதிகமாகவும் இருக்கும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இலக்கை முடிவு செய்வதற்கு முன் ஒரு முழு வாரம் உங்கள் நாள் எப்படிப் போகிறதோ அப்படியே போகவிட்டு, எந்த நேரம் எதற்குச் செலவானது என்பதை மட்டும் ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவாருங்கள். நல்ல பிள்ளையாக நடந்து காட்ட வேண்டாம். கைப்பேசியில் போன நேரத்தையும், கடைத்தெருவில் நின்று பேசிய நேரத்தையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். இதைப் பிறர் பார்க்கப்போவதில்லை.

இதன் பயனை என் அண்ணன் மகளிடம் கண்டேன். இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் மலாய்மொழித் தாளில் தவறியவள் அவள். மலாய்மொழியில் தேர்ச்சி பெறாவிட்டால் மற்றப் பாடங்களில் என்ன எடுத்திருந்தாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்காது என்பது நம் வீடுகள் பலவற்றுக்குத் தெரிந்த வலி. இருபத்து நான்கு வயதில், தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே தனியார் தேர்வராக மீண்டும் எழுத முடிவு செய்து என்னிடம் வந்தாள். "தினமும் ரெண்டு மணி நேரம் படிச்சிருவேன் சித்தப்பா" என்றாள். அதாவது வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம்.

ஒரு வாரம் எழுதவைத்தோம். வாரத்தின் 168 மணி நேரத்தில், இடைவேளையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரப் பணி ஆறு நாட்களுக்கு 72. கம்பெனி பஸ்ஸில் போய்வர 12. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. ஆக 133 போக, மிச்சம் 35. சமையல், துணி துவைத்தல், குளியல், சாப்பாடு ஆகியவற்றுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் 21 போனது. பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது, வெள்ளிக்கிழமை கோயில், கடைக்குப் போவது ஆகியவற்றுக்கு ஆறு. மிஞ்சியது எட்டு மணி நேரம். அந்த எட்டிலும் பாதியை ஓய்வுக்கு விடாவிட்டால், இரண்டாவது வாரமே புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவாள் என்பது உறுதி. எனவே உண்மையில் அவள் கையில் இருந்தது வாரத்துக்கு நான்கு மணி நேரம். பதினான்குக்கும் நான்குக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலான இலக்குகள் விழுந்து மறைகின்றன. விழுந்தவர் தன்னைச் சோம்பேறி என்று எண்ணிக்கொள்கிறார்.

பண இலக்குக்கும் இதே முறைதான். 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை எடுத்துக்கொண்டால், சேமநிதிக்கு 11 விழுக்காடாக 187 வெள்ளியும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோ முதலியவற்றுக்குச் சிறு தொகையும் போய், கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி. மிகுதி நேரச் சம்பளம் வந்த மாதத்தைப் பார்த்து "மாதம் 500 சேமிப்பேன்" என்று எழுதாதீர்கள். மிகுதி நேரமே இல்லாத மாதத்தின் சம்பளச் சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

மிஞ்சிய நேரம் தெரிந்த பிறகு, மனத்தில் உள்ள ஆசைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தேதி போட்டுத் தள்ளிவையுங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் உள்ளவர் இரண்டு இலக்குகளை வைத்துக்கொள்வது அகலக் கால் வைப்பதாகும். எதை எடுப்பது என்று குழம்பினால், அந்த ஆசை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூருக்குப் போனான் என்பதற்காகவோ, கல்யாண வீட்டில் மாமா நாலு பேர் முன்னால் கேட்டார் என்பதற்காகவோ முளைத்த ஆசை, கேட்டவர் வீட்டுக்குத் திரும்பியதும் வாடிவிடும்.

விளைவை வேலையாக மாற்றுதல்

"தேர்ச்சி பெறுவேன்", "உடம்பைக் குறைப்பேன்", "கடனை அடைப்பேன்" என்பவை விளைவுகள். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்னும் இரு ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகளில், "முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கு தரப்பட்டவர்களே கூடுதலாகச் செய்து முடித்தார்கள். இந்த முடிவைப் பலரும் பாதிதான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கான திறமை ஏற்கெனவே கைவசம் இருந்தால்தான் இது பொருந்தும் என்பதும், புதிதாகவும் சிக்கலாகவும் உள்ள வேலையில் விளைவைக் குறிவைப்பதைவிடக் கற்றுக்கொள்வதைக் குறிவைப்பதே பயன் தரும் என்பதும் அதே ஆய்வுகளின் மறுபாதி.

எனவே அண்ணன் மகளின் தாளில் "ஏ எடுப்பேன்" என்பதை அடித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் திருத்தவைப்பது, ஒன்றரை மணி நேரம் இலக்கணப் பயிற்சி, ஒரு மணி நேரம் இலக்கியப் பகுதி என்று எழுதினோம். இவை மூன்றும் அவள் கையில் உள்ளவை. தேர்வுத் தாளைத் திருத்துபவரின் கை அவளுடையதன்று.

ஓர் அலகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு எங்கள் ஊர்க்காரரும் முன்னாள் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய காரியமே சான்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டத்தையே விலைக்கு வாங்குவது என்பது பால்மரம் வெட்டுகிறவரின் கைக்கு எட்டாத தொகை. ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது மாதம் பத்து வெள்ளி. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. என் தகப்பனார் அந்தப் பத்து வெள்ளி ரசீதுகளைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, பிறகு கூட்டுங்கள்

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டபோது சராசரியாக 33.9 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்துக்கொண்டது 55.5 நாள். ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், மற்றவருடைய வேலையை மதிப்பிடும்போது நாம் இவ்வளவு தவறுவதில்லை என்பதுதான். மைத்துனர் வீடு பூசுவதற்கு மூன்று மாதம் ஆகும் என்று சரியாகச் சொல்லும் நாம், நம் வீட்டுக்கு மட்டும் மூன்று வாரம் என்கிறோம்.

ஆகவே முதலில் வேலையின் ஓர் அலகை மூன்று முறை செய்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் போதும் என்று அண்ணன் மகள் நினைத்தாள். மூன்று முறை எழுதிப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனது.

அடுத்து மழை நாட்களைக் கழியுங்கள். தேர்வுக்கு 32 வாரங்கள் இருந்தன. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் 128 மணி நேரம். ஆனால் தீபாவளி வாரத்தில் யார் இலக்கணம் படிப்பார்? தோட்டத்து மாரியம்மன் திருவிழா, நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம், எதிர்பாராத சாவு, காய்ச்சல், தொழிற்சாலையில் மிகுதி நேரம் கட்டாயமாகும் வாரம் என்று எண்ணிப் பார்த்து, நான்கில் ஒரு பங்கைக் கழித்தோம். 24 வாரங்கள், 96 மணி நேரம். அதற்குள் அடங்கும் பாடத்தை மட்டும் அட்டவணையில் போட்டோம். அடங்காத இரண்டு பகுதிகளை அப்போதே விட்டுவிட்டோம். விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் கழித்துத் தானாக விடுபட்டுப் போவதைவிட, இன்று தெரிந்தே விடுவது மேல் என்று சொல்லித்தான் சம்மதிக்கவைத்தேன்.

நான்கில் ஒரு பங்கு என்பது என் அனுபவத்தில் வந்த அளவு; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்றில் ஒரு பங்கையே கழிக்கலாம்.

நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைத்தல்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் எடுத்துரைத்த ஒரு முறை உண்டு. "இன்னது செய்வேன்" என்று மட்டும் எண்ணாமல், "இன்ன நிலை வந்ததும் இன்னது செய்வேன்" என்று நிலையையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்துவைப்பது. 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மறுஆய்வு, இப்படிப் பிணைத்தவர்களே தங்கள் இலக்கைக் கூடுதலாக எட்டினார்கள் என்று காட்டியது. தமிழில் இதற்குத் தனிப் பயிற்சியே தேவையில்லை; "ஏறியதும்", "வந்ததும்", "முடிந்ததும்" என்று நம் வினைச்சொல்லே அந்த முடிச்சைப் போட்டுத் தந்துவிடுகிறது.

அவள் எழுதியவை இவை: பகல் பணி வாரத்தில், கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தைத் திறப்பேன். இரவுப் பணி வாரத்தில், மாலை நான்கு மணிக்கு எழுந்து தேநீர் குடித்ததும் இலக்கியப் பகுதியை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் கட்டுரை எழுத உட்காருவேன். பகல், இரவு என்று பணி மாறுகிறவர்களுக்கு "தினமும் ஏழு மணிக்கு" என்ற கட்டளை பயன்படாது. கடிகாரத்தை நம்பாமல், எந்தப் பணி வாரத்திலும் தவறாமல் நடக்கும் ஒரு செயலைப் பிடித்து அதனோடு கட்டுங்கள்.

இதே முறையில் தடைகளுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுவைக்க வேண்டும். "விருந்தாளி வந்தால் அன்றைய கட்டுரையின் முன்னுரையை மட்டும் எழுதுவேன்", "தலைவலி வந்தால் பத்துச் சொற்களை மட்டும் பார்ப்பேன்" என்பவை அத்தகையவை. மழையால் வெட்டுக்குப் போக முடியாத நாளில் என் தகப்பனார் கத்தியைத் தீட்டிவைப்பார், கோப்பைகளைக் கழுவிவைப்பார். நாள் முழுவதும் வீணாகாது. அதுபோல ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு மழைநாள் வடிவம் இருக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை முடிச்சு இன்னும் எளிது. சம்பளம் வங்கியில் விழுந்ததும், மளிகைக் கடைக்குப் போகும் முன்பே, குறித்த தொகை வேறு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஊர்ப் பெண்கள் பிடிக்கும் கூட்டுப் பணத்தில் (சீட்டில்) சேர்ந்தால் சேமிப்பு கட்டாயமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், கட்டாயம் நல்லதுதான். ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது, பிடித்தவர் ஓடிவிட்டால் போய்க் கேட்பதற்கு இடமுமில்லை. சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கையும் சேமிப்பு இலக்கில் சேர்க்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து புதிய சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதே அதன் வசதியும் ஆபத்தும்.

சொந்தச் செக்ரோல்

தோட்டத்தில் ஒவ்வோர் ஆளின் பெயருக்கு நேராகவும் அன்று வேலைக்கு வந்தாரா, அரை நாளா, மழையா, மருத்துவ விடுப்பா என்று செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறிப்போம். காரணத்தையும் குறிப்பதுதான் அதன் சிறப்பு. உங்கள் இலக்குக்கும் அப்படி ஒரு தாளை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். செய்த நாளுக்கு ஒரு கோடு, மழைநாள் வடிவத்தைச் செய்திருந்தால் அரைக் கோடு, செய்யாத நாளுக்குக் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். "சோம்பல்" என்பது காரணமாகாது. அன்று என்ன நடந்தது என்பதையே எழுதுங்கள். அண்ணன் மகளின் தாளில் ஆறு வாரத்தில் "பஸ் நெரிசல்" என்ற சொல் ஏழு முறை வந்திருந்தது. திட்டம் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் புத்தகத்தைத் திறக்க முடியாது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இலக்கணத்தைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றினோம்.

வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், இந்தத் தாளைப் பாருங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்திருந்தால் அதைத் திருத்துங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

யாரிடம் சொல்வது என்பதில் என் கருத்து சற்று மாறுபட்டது. ஊரறியச் சொன்னால் வெட்கத்துக்காவது செய்துவிடுவோம் என்பார்கள். எங்கள் ஊரைப் போன்ற சிற்றூரில், சொன்ன மறுநாளே "என்ன, பாஸ் பண்ணிட்டியா?" என்ற கேள்வி காய்கறிக் கடை வரை வந்துவிடும். தாளைப் பார்க்க ஒரே ஒருவர் போதும். அவர் திட்டாதவராகவும் பொய்க்குப் பாராட்டாதவராகவும் இருக்க வேண்டும். கட்டுரைகளைத் திருத்தியவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற மலாய்மொழி ஆசிரியை. திருத்தவும் பார்க்கவும் அவரே போதுமானவராக இருந்தார்.

விட்டுப்போன நாளும் குறைக்க வேண்டிய இலக்கும்

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி இருபத்திரண்டாம் நாள் ஏமாந்தவர்கள் பலர். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக நிலைபெற நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். ரப்பர் மரத்தின் பட்டையை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் அன்று பால் கூடுதலாக வடியலாம். ஆனால் மரம் காயப்பட்டு, அடுத்த பட்டை சரியாக வளராது. வழக்கமான அளவையே செய்துவிட்டு நகருங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் கோடுகளை எண்ணுங்கள். திட்டமிட்டதில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் அப்படியே தொடரலாம். பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் இருந்தால் அளவைக் குறையுங்கள் அல்லது முடிக்கும் தேதியைத் தள்ளுங்கள். பாதிக்கும் கீழே என்றால், இந்த ஆண்டு உங்கள் வாழ்க்கையில் இந்த இலக்குக்கு இடமில்லை என்று பொருள்; கைவிடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் களைத்துப்போன இரவில் அதை எடுக்காமல், தாளைப் பார்த்துப் பகலில் எடுங்கள். செம்பனை நட்டு முதல் குலை அறுக்க ஏறத்தாழ முப்பது மாதம் ஆகும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். பலன் இன்னும் வரவில்லை என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. வேலை நடந்ததா இல்லையா என்பதை வைத்தே எடுக்க வேண்டும்.

அண்ணன் மகள் 24 வாரங்களில் 19 கட்டுரைகள் எழுதினாள். தேர்வில் அவளுக்குக் கிடைத்தது சாதாரணத் தேர்ச்சிதான், ஆனால் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரமே தையல் வகுப்பு, கார் உரிமம், வணிக டிப்ளோமா என்று மூன்று பெயர்களோடு என்னிடம் வந்து நின்றாள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிக்கொண்டு வரச் சொல்லி, புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.